உப்பளத்தில் இருந்தவர்கள்

உப்பு விளைகிற ஊரில் எதுவும் லேசில் கெடாது என்பார்கள். மீன் கெடாது, மாங்காய் கெடாது, பங்காளிப் பகை கெடாது. பொய்யும் கெடாது, பதமாகக் காயவைத்து எடுத்துவைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும் என்பது எஸ்கலினுக்குத் தெரியவந்தது, அவள் தன் கல்யாணப் படத்துக்கு ஒட்டடை அடித்த அன்றைக்குத்தான். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. அவளுடைய கல்யாணத்தன்று, அவளுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஓர் உப்பளத்தில் அது தொடங்கிவிட்டது.

சல்வா மோத்தா என்று ஒரு பாடகன் இருந்தான். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் பிறந்து, மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கப் போய், பூசை நடுவே ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி வாசித்ததற்காக வெளியே அனுப்பப்பட்டு, மூன்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 'உப்புக்காத்து' என்று ஒரு ராக் குழு ஆரம்பித்து, ஒரே ஒரு கேசட் போட்டு, ஒரே ஒரு முறை திறந்த வெளியில் கச்சேரி நடத்தி, கடைசிப் பாட்டு முடிந்ததும் கிதாரை உப்புக் குவியலில் குத்தி நிறுத்திவிட்டு நடந்து போனவன். போனவன் போனவன்தான். கொழும்பில் பார்த்ததாக ஒருத்தர் சொல்வார், குவைத்தில் கிரேன் ஓட்டுவதாக இன்னொருத்தர் சொல்வார், கடலுக்குள் போய்விட்டதாகச் சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவன் இருந்தபோது கேசட்டை வாங்க ஆளில்லை. ஆள் போன பிறகுதானே ஆளுக்கு மதிப்பு.

அந்தக் கச்சேரி நடந்தது ஒரு வைகாசிச் சனிக்கிழமை சாயங்காலம். அதே சாயங்காலம் மாதா கோயிலில் எஸ்கலினுக்கும் பெலிக்ஸ் மச்சாடுக்கும் கல்யாணம். பெலிக்ஸ் சல்வாவின் கேசட்டைத் தேய்ந்துபோகக் கேட்டவர், கச்சேரிக்கு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தவர். ஆனால் பூசையில் கல்யாண ஓலை படித்து, ஊருக்குச் சொல்லி, பிரியாணிக்கு ஆடு பிடித்துக் கட்டிய பிறகு கச்சேரிக்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. எஸ்கலினுக்கு அந்த நாளில் மூன்று விஷயம் மறக்காது. புதிதாக வாங்கிய வெள்ளைச் செருப்பு குதிகாலைக் கடித்தது ஒன்று. தோணித் துறையில் தச்சு வேலை பார்த்து, வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு திரிந்த அவள் அப்பா, பக்கத்து வீட்டாரிடம் இரவல் வாங்கிய கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு, அது பிடிக்கிற வலியிலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது இன்னொன்று. மூன்றாவதுதான் பெரியது. சாமியார் பிரசங்கம் நீட்டிக்கொண்டே போனபோது, பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த, அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியிராத அந்த மாப்பிள்ளை, முகத்தைத் திருப்பாமலே அவள் காதுக்கு மட்டும் சொன்னார்: "காலு வலிக்குதா? கழத்திரு. யாரும் பாக்கல."

அவள் கழற்றினாள். வெறுங்காலோடுதான் தாலி வாங்கிக்கொண்டாள். இந்த மனுஷனை நம்பி வாழலாம் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. அப்புறம் வந்த சண்டைகள், சம்பளமில்லாத மாதங்கள், மாமியாரின் நாக்கு எல்லாவற்றையும் அவள் தாண்டி வந்தது அந்தச் சின்னப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட. சொன்னால் கரைந்துவிடும் என்று ஒரு பயம்.

வருஷங்கள் போய், மகள் ரெனிட்டா பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, வீடு வெறிச்சோடியபோது பெலிக்ஸின் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு வந்து சேர்ந்தது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் தஸ்நேவிஸ் ஆரம்பித்த குழு. பெயர் 'உப்பளத்தில் இருந்தவர்கள்'. அதில் சேர ஒரு சடங்கு உண்டு. புதிதாக வருகிறவரிடம் தஸ்நேவிஸ் கேட்பார், "அன்னைக்கு எங்க இருந்தீங்க?" வந்தவர் எழுத வேண்டும், "உப்பளத்துலதான்." உடனே எல்லோரும் கைதட்டுவார்கள். விஷயம் என்னவென்றால், குழுவில் ஒருத்தர்கூட அன்று உப்பளத்தில் இல்லை. அன்று அங்கே இருந்தது லாரிக்காகக் காத்திருந்த உப்பளத் தொழிலாளர்கள் கொஞ்சம் பேர், அவ்வளவுதான். ஒரு வேனில் ஏற்றினால் பின் சீட்டு காலியாக இருந்திருக்கும். அந்தக் கூட்டத்தை டிரம்ஸ்காரர் தன் இடத்திலிருந்தே எடுத்த ஒரு படம் மட்டும் மிஞ்சியது: முன்னால் சல்வாவின் முதுகு, அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், குவியலில் சாய்ந்து உட்கார்ந்து சலிப்போடு பார்க்கும் சில முகங்கள். அதைப் பெரிதாக்கி தஸ்நேவிஸ் ஸ்டுடியோ முகப்பில் மாட்டியிருந்தார்.

குழுவிலேயே பெலிக்ஸ் ஒருத்தர்தான் உண்மையை எழுதியவர். "கல்யாணத்துல இருந்தேன்" என்று எழுதினார். அதிலிருந்து அவருக்கு அங்கே 'மாப்பிள்ளை' என்றே பெயர்.

மதியம் துறைமுகத்துப் பக்கத்துக் கிளியரிங் ஆபீஸிலிருந்து சாப்பிட வருகிறபோது, ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு, மறு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக்காட்டுவார்.

"கேளு எஸ்கி. கோவில்பட்டி கார்த்தீசன் கேக்கான், கேசட்டுல ரெண்டாவது பாட்டுல சல்வாண்ணன் இருமுதாருல்லா, அந்த இருமல் தாளத்துக்குள்ள வருதா, வெளிய வருதான்னு."

"இருமலுக்கு என்னங்க தாளம்?"

"அதத்தான் தஸ்நேவிஸும் சொல்லுதாரு. அதுக்கு கார்த்தீசன், 'நானும் அதே எடத்துல அதே மாதிரி இருமிப் பாத்தேன் அண்ணாச்சி, எங்க வீட்டுல கசாயம் போட்டுட்டாங்க'ன்னு எழுதிருக்கான்."

எஸ்கலினுக்குச் சிரிப்பு வந்துவிடும். சல்வாவின் பாட்டு அவளுக்குப் பிடிக்காது, தகர ஷெட்டில் கல் எறிகிற மாதிரி இருக்கும். ஆனால் இந்தக் கிறுக்கர்களைப் பிடிக்கும். அன்று சல்வா போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டையா கோடு போட்ட சட்டையா என்று ஒரு வாரம் அடித்துக்கொள்வார்கள். 'கடலக் காயப்போட்டா மிஞ்சுறது கண்ணீரு' என்ற வரியை யாராவது தப்பாக எழுதிவிட்டால், பாவமன்னிப்பாக ஒரு நாள் முழுக்க உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்று தண்டனை கொடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் படமும் போடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் தஸ்நேவிஸ் ஸ்டுடியோவைத் திறந்து, முகப்புப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், கூட்டத்தின் ஓரத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒரு பையன் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தார். கார்த்தீசன். இப்போதைய கார்த்தீசன் இல்லை, அன்றைக்கு அவன் எப்படி இருந்திருப்பானோ அப்படி, அரும்பு மீசையும் ஒட்டிய வயிறுமாக. தஸ்நேவிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைக்கு வந்தவருக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம்தான் குழுவில் எழுதினார்: "கார்த்தீசா, நீ நெசமாவே அங்க இருந்திருக்கல்லா. பொய் சொல்லுதன்னு நெனச்சிட்டேன், மன்னிச்சுக்க."

அந்த வாரமே விளாத்திகுளம் சுடர்க்கொடி வந்தாள். அப்புறம் திருச்செந்தூர்க்காரர் இருவர் வந்தார்கள், துபாயில் வெல்டிங் வேலை பார்க்கும் ஒருத்தர் வந்தார், தஸ்நேவிஸே ஒல்லியாக முடி வளர்த்துக்கொண்டு வந்து நின்றார். யார் யார் 'உப்பளத்துலதான்' என்று எழுதியிருந்தார்களோ அவர்கள் எழுதிய வரிசைப்படி, யாரையும் முந்தாமல், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒவ்வொருத்தராகப் படத்துக்குள் வந்தார்கள். ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழை வந்தால் குடை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. ஸ்டுடியோ வாசலில் கூட்டம் கூடியது. அங்கே ஒருத்தர் சுண்டல் கடை போட்டார். படத்தில் ஆள் வர வர உப்புக் குவியல்கள் மிதிபட்டுச் சரிந்ததைப் பார்த்து, அந்த அளத்தின் சொந்தக்காரர் அவ்வளவு வருஷம் கழித்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். படத்துக்குள் போனவர்களுக்கு மறுநாள் உள்ளங்காலில் வெடிப்பு வந்தது, மருந்துக்கடைக்காரர் அதற்கென்று தனியாக ஒரு களிம்பை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, "உப்பளமா? ராத்திரி தேச்சிட்டுப் படுங்க" என்று கேட்காமலே கொடுத்தார். ஒரு பொய்யைச் சொல்லி, அந்தப் பொய் உண்மையாகிவிட்டால் பாவசங்கீர்த்தனத்தில் எதைச் சொல்வது என்று சிலர் கேட்டபோது, பங்குச் சாமியார் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஆயரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

முத்துச்செல்வம் என்ற ஆராய்ச்சி மாணவன், கச்சேரி நடந்தபோது பிறந்தே இராதவன், விளையாட்டாக அதையே எழுதினான். அவனைத் தேடினால் படத்தில் காணோம். அவனுடைய அம்மா இருந்தாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, காதைப் பொத்தியபடி. அந்த அம்மாள் சல்வா என்ற பெயரையே கேட்டதில்லை. அன்றிலிருந்து காதுக்குள் ஓயாமல் கிதார் சத்தம் கேட்கிறது என்று மகனைத் திட்டிக்கொண்டே சமைத்தாள்.

எஸ்கலின் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பொன்னுத்தாய், இளவயதில் உப்பளத்தில் வேலை பார்த்தவள். அன்று உண்மையிலேயே அங்கே இருந்தவள். அவள்தான் முதன்முதலில் முகம் சுளித்தாள்.

"அன்னைக்குக் கால நீட்டி உக்காந்திருந்தேன் தாயி, காத்து சும்மா பிச்சிட்டு வந்துச்சு. இப்ப நெனச்சுப் பாத்தா நிக்க எடமில்ல. எவனோ வெலாவுல முழங்கைய வச்சு இடிக்கான். ஏந்தாயி, என் நெனப்புக்குள்ள வந்து ஏன் நெரிக்கானுவ?"

சொல்லிவிட்டுச் சாளை மீனை எண்ணிப் போட்டாள். எஸ்கலின் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுடர்க்கொடியின் கதையை பெலிக்ஸ் வாசித்துக் காட்டியபோதுதான் அவள் பரிமாறுவதை நிறுத்தினாள். சுடர்க்கொடியின் கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்ததாம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் புருஷன் கரண்டியைக் காயவைத்து இழுத்தது. அவள் 'உப்பளத்துலதான்' என்று எழுதிப் படத்துக்குள் வந்த பிறகு, பாத்திரம் கழுவும்போது பார்க்கிறாள், தழும்பு இல்லை. அவன் சூடு போட்ட நேரத்தில் அவள் வீட்டில் இல்லை, கச்சேரியில் இருந்தாளே.

எஸ்கலின் முகந்தெரியாத அந்தப் பெண்ணுக்காகச் சந்தோஷப்பட்டாள், மனசாரத்தான். ஆனால் ஒருத்தி ஓரிடத்துக்கு வந்தால் இன்னோர் இடத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்ற கணக்கு அவள் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெலிக்ஸுக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியதெல்லாம் எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் வெளியே நிற்கிறேன் என்பதுதான். குழுவில் கேலி ஏறிக்கொண்டே போனது. "மாப்பிள்ளை, பந்தி முடிஞ்சிட்டா?" "மாப்பிள்ளை, இன்னும் ஒரு ஆள் நிக்க எடமிருக்கு, வாரீயளா?" அவர் ஸ்டுடியோ வாசலில் போய் நின்று, அந்தப் படத்தை, பசித்தவன் மிட்டாய்க் கடையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வருவார். ஒரு மதியம் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், எஸ்கலின் அப்பளம் எடுக்க உள்ளே போன நேரத்தில், தஸ்நேவிஸ் மறுபடி ஒருமுறை கேட்டார்: "கடைசியாக் கேக்கேன் மாப்பிள்ளை. அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

பெலிக்ஸ் எழுதினார்: "உப்பளத்துலதான்."

அவள் அப்பளத்தோடு வந்தபோது, அவர் முகம் தேர் பார்த்த பிள்ளையின் முகமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் பேச்சில் புதுப் புது விஷயங்கள் வந்தன. அன்று காற்று வடக்கேயிருந்து அடித்தது என்றார். சல்வா கட்டம் போட்ட சட்டைதான் போட்டிருந்தான், மூன்றாவது பொத்தான் இல்லை என்றார். காலுக்கடியில் உப்பு நொறுங்குகிற சத்தத்தை நாக்கால் செய்துகாட்டினார். ஒரு பாட்டை முனகிக்கொண்டே குளித்தார். எஸ்கலின் சிரித்துக்கொண்டிருந்தாள், கூடத்துப் படத்துக்கு ஒட்டடை அடிக்கும்வரை.

பீடத்துக்கு முன்னால் அவளும் அவரும் நிற்கிற படம் அது. இப்போது அவள் மட்டும் நின்றாள். வெள்ளைப் பட்டும் தலையில் முக்காட்டுத் துணியுமாக, யாரோ பிடித்திருப்பது போலக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு. சாமியார் காற்றைப் பார்த்து ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். பின்னால் முதல் வரிசையில் அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றுபோயிருந்தது. அடுத்த வருஷமே கண்ணை மூடிவிட்ட அப்பாவுக்கு வேறு படம் கிடையாது. எஸ்கலின் ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்துவைத்தாள். பயம் வரவில்லை, கோபம் வந்தது.

"ஏங்க, இங்க வாங்க."

அவர் வந்தார். பார்த்தார். தான் நின்ற இடத்தை விரலால் தொட்டார்.

"ஒங்க கூட்டாளிங்க பக்கத்துல நிக்கதுக்காக என்னத் தனியா விட்டுட்டுப் போய்ட்டீங்க," என்றாள். "சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு எங்காதுல ஒண்ணு சொன்னீங்களே, என்ன சொன்னீங்க?"

பெலிக்ஸ் நெற்றியைத் தேய்த்தார். மேலே பார்த்தார். அவருக்கு வந்ததெல்லாம் ரெண்டாவது பாட்டில் வருகிற அந்த இருமல்தான்.

"ஏதாவது சொன்னேனா எஸ்கி?"

அவள் அடுப்படிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை வருஷம் சொல்லாமல் பொத்திவைத்த முட்டாள்தனத்துக்காகவும் அழுதாள்.

அவர் அன்றே குழுவில் எழுதினார், "நான் அங்க இல்ல. கல்யாணத்துலதான் இருந்தேன். என்ன விட்ருங்க." கைதட்டியும் சிரித்தும் பதில் வந்தது. அப்புறம் கார்த்தீசன் தனியாகப் போன் போட்டு, உண்மையான அக்கறையோடு சொன்னான், "என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லிட்டீங்க? எங்கிட்டதான தண்ணி வாங்கிக் குடிச்சீங்க? பாட்டில இன்னும் திருப்பித் தரல." அவர் குழுவை விட்டு வெளியேறினார். ஸ்டுடியோ படத்திலிருந்து வெளியேற முடியவில்லை. மூன்றாவது வரிசையில், கல்யாணக் கோட்டும் டையுமாக, வாயைப் பிளந்து சல்வாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் அதையும் எடுத்துக்கொண்டது, அதுதான் கொடுமை. மாப்பிள்ளை வராத கல்யாணம் என்று எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது. பிரியாணி மீந்ததை எதிர்வீட்டம்மாள் ஞாபகப்படுத்திச் சொன்னாள். "அப்படியும் அந்த மனுஷங்கூடத்தான் இருந்து காட்டுவேன்னு இருந்துட்டாளே, அவ பொம்பள," என்று தெருவில் அவளைப் புகழ்ந்தார்கள். பொன்னுத்தாய் மீனில் ஒரு கை கூடப் போட்டாள். பங்குச் சாமியார் வழியில் நிறுத்தி, வேண்டுமானால் சத்தமில்லாமல் ஒருநாள் தாலியை மந்திரித்து மறுபடி கட்டிவைத்துவிடலாமே என்றார்.

"ஒரு தடவ கட்டுன தாலி கட்டுனதுதான் சாமி," என்றாள் எஸ்கலின். தாலி கழுத்தில்தான் இருந்தது. கட்டின கை எது என்றுதான் கழுத்துக்குத் தெரியவில்லை.

ரெனிட்டா பெங்களூரிலிருந்து பேசினாள். "அம்மா, அப்பா கல்யாணத்துக்கே வரலியாமே? நீ சொன்னதேயில்லயே. எப்படிம்மா தாங்குன?"

எஸ்கலின் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பிரசங்கம் நடக்கிறது; செருப்பு கடிக்கிறது; பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. அந்தக் காலி நாற்காலியிலிருந்துதான் அந்தப் பேச்சு வருகிறது, வாயில்லாமல். இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் வராது. ஆளில்லாத இடத்திலிருந்து எவ்வளவு காலம் பேச்சு வரும்?

மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போய் வாசலில் உட்கார்ந்திருந்த பெலிக்ஸிடம் வந்து சொன்னாள், "நீங்க இங்க வர முடியாது. நான் அங்க வாரேன்."

அவர் பதறிவிட்டார். "வேண்டாம் எஸ்கி. அந்தப் படத்துல ஒங்கப்பா ஒன்னப் பாத்துதான் நிக்காரு. நீயும் போய்ட்டா அவரு யாரப் பாப்பாரு? அதுவுமில்லாம, எனக்கு வந்த மாதிரி ஒனக்கும் எல்லாம் மறந்து போகும்."

"அப்பாவுக்கு எம்மேல கோவம் வராது," என்றாள். படத்துக்கு முன்னால் போய் நின்று, வெகுநேரம் அப்பாவைப் பார்த்தாள். இரவல் ஷூவைப் பார்த்தாள். அப்புறம் மீன் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகிறவள் போலக் கிளம்பி, நல்ல வெயிலில் ஸ்டுடியோவுக்குப் போனாள்.

தஸ்நேவிஸ் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். "அக்கா, நீங்களா? ஒங்களுக்கு சல்வாண்ணன் பாட்டே பிடிக்காதுல்லா."

"பாட்டக் கேக்க வரல தம்பி. என்னச் சேத்துவிடு."

அவர் சேர்த்தார். வழக்கத்தை மாற்ற முடியாது, எதிரே நின்றுகொண்டே போனில் எழுதிக் கேட்டார், "அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

எஸ்கலின் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எழுதினாள். இதற்கு முன் யாரும் எழுதாத ஒன்றைக் கூடச் சேர்த்து எழுதினாள்.

"உப்பளத்துலதான். அவருக்குப் பக்கத்துல."

குழுவில் யாரும் கைதட்டவில்லை. எல்லோருடைய போனிலும் அந்த வரி வந்து நின்றது, யாரும் எதுவும் எழுதாமல் இருந்தார்கள். பிறகு சுடர்க்கொடி மட்டும் எழுதினாள், "வாங்கக்கா. எடம் விட்டிருக்கோம்."

மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கிய எஸ்கலின், "அம்மா" என்று காலைத் தூக்கிக்கொண்டாள். மற்றவர்களுக்கு வந்தது வெடிப்புத்தான். அவள் உள்ளங்கால் இரண்டும் கீற்றுக் கீற்றாக அறுபட்டிருந்தன. நொண்டிக்கொண்டே அவர் தோளைப் பிடித்து ஸ்டுடியோவுக்குப் போனாள். சுண்டல்காரர் வழிவிட்டார்.

மூன்றாவது வரிசையில் பட்டும் முக்காடுமாக அவள் நின்றாள், கல்யாணக் கோட்டுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு, உப்பின் மேல். அந்தக் கூட்டத்தில் அத்தனை முகமும் சல்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு முகத்தைத் தவிர. கல்யாணத்துக்கும் போகாமல், எதைப் பார்க்கக் காலமெல்லாம் ஏங்கினாரோ அந்த சல்வாவையும் பார்க்காமல், பெலிக்ஸ் குனிந்து அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஞாபகம் வருது," என்றார் பெலிக்ஸ் மெதுவாக. "யாரோ ஒரு பிள்ள செருப்பில்லாம வந்து நிக்கி. உப்பு அறுக்குமேன்னு நான் எஞ்செருப்பக் குடுத்தேன். பேரு கேட்டேன்."

"எனக்கும் ஞாபகம் இருக்கு," என்றாள் எஸ்கலின். "பெரிசா இருந்துச்சு ஒங்க செருப்பு." அப்புறம் யோசித்தாள். "ஆனா, நான் ஏன் வெறுங்காலோட வந்தேன்? அவ்வளவு அழகா உடுத்திட்டு, செருப்ப எங்க விட்டுட்டு வந்தேன்?"

இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்துப் படத்தைப் பார்த்தார்கள். பீடத்துக்கு முன்னால் யாரும் இல்லை. சாமியார் கைகளை இறக்கிவிட்டிருந்தார். விருந்தாளிகள் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா முதல் வரிசையில் இல்லை. கோயில் வாசலுக்குப் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார். பீடத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அதில் ஒன்றின் கீழே, வெள்ளைச் செருப்பு ஒரு சோடி, சீராகச் சேர்த்துக் கழற்றி விட்டிருந்தது.

"நானாக் கழத்திருக்க மாட்டேன்," என்றாள் எஸ்கலின். "ஊரே பாக்கும்போது எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? யாரோ சொல்லியிருக்காங்க."

"யாரு சொல்லியிருப்பா?"

அவள் அவரைப் பார்த்தாள். தெரியவில்லை. ஆனாலும் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

அவர் அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைக் கழுவினார். அண்டாவின் அடியில் உப்பு சின்னச் சின்னதாகப் படிந்தது. அவர் தண்ணீரைக் கொட்டக் கொல்லைக்குப் போயிருந்தபோது எஸ்கலின் நொண்டி நொண்டி எழுந்து, படத்தருகே போய், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வாசலில் நிற்கிற அப்பாவுக்கு இரவல் ஷூ பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இனி எவ்வளவு காலம் நிற்பாரோ. வாய் தானாகத் திறந்தது. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"காலு வலிக்குதாப்பா?" என்றாள். "கழத்திருங்க. யாரும் பாக்கல."

கொல்லைக் கதவருகே பெலிக்ஸ் வெற்று அண்டாவோடு நின்றுவிட்டார். ரொம்ப நாளைக்கு முன்னால் தொலைத்த ஒன்றை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. அண்டாவைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே அழுதார்.

மறுநாள் மீன் கொண்டுவந்த பொன்னுத்தாய்தான் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அப்பா வாசலை விட்டு உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. அவர் கால்கள் வெறுங்கால்கள். முன்னே நாற்காலிக்கடியில், வெள்ளைச் செருப்புக்குப் பக்கத்தில், கறுப்பு ஷூ ஒரு சோடி இருந்தது.